உயிர் காக்கும் மூன்று இலக்கம்: 999 அழைப்பு எப்படிப் போய்ச் சேருகிறது?



உடல் நலப் பகுதி என்றால் இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு, குழந்தைகளின் வயிற்றுப்போக்கு என்றுதான் பேசுவார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். இன்று மருந்தைப் பற்றிப் பேசப் போவதில்லை. மருந்தும் மருத்துவரும் நம்மிடம் வந்து சேரும் வழியைப் பற்றிப் பேசப் போகிறோம். நெஞ்சு வலி, பாம்புக்கடி, மின்சாரம் தாக்குதல், பிரசவ வேதனை, இவை எல்லாவற்றுக்கும் முதல் சிகிச்சை ஒரு டெலிபோன் அழைப்புத்தான். அந்த அழைப்பு தவறினால் எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி இருந்தும் பயனில்லை.

அந்தக் காலத்தில் தோட்டத்து ஆபீசில் ஒரு டெலிபோன் இருக்கும். ராத்திரியில் ஆபீஸ் பூட்டியிருக்கும். டிரெசர் வீட்டுக் கதவைத் தட்டி, கிராணியை எழுப்பி, சாவி வாங்கி, பிறகுதான் பேச முடியும். இன்று அப்படி இல்லை. பால் வெட்டுபவர் பையிலும் கைப்பேசி, குலை அறுப்பவர் பையிலும் கைப்பேசி. ஆனால் ஒரு கேள்வி. ஆபத்து நேரத்தில் அந்தக் கைப்பேசி என்ன செய்யும், என்ன செய்யாது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? "காசு முடிஞ்சு போச்சு, கூப்பிட முடியாது" என்று சும்மா இருந்து விடுகிறவர்களும் உண்டு. "சிக்னலே இல்லாட்டியும் 112 அடிச்சா போகும்" என்று நம்பி, இருந்த இடத்திலேயே நின்று அடித்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு. இரண்டுமே தவறு. இரண்டுமே உயிருக்கு உலை வைக்கும்.

ஆகவே இன்றைய பாடத்தைப் பொறுமையாகப் படியுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

999 எப்படி வந்தது?

1935ஆம் ஆண்டு லண்டன் மாநகரில் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றிக்கொண்டது. ஐந்து பெண்கள் இறந்து போனார்கள். அக்கம் பக்கத்தார் டெலிபோன் நிலையத்தைக் கூப்பிட்டபோது, சாதாரண அழைப்புகளோடு சேர்ந்து அந்த அழைப்பும் வரிசையில் காத்துக் கிடந்தது. இதனால் எழுந்த கண்டனத்தின் பயனாக, 1937ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதி லண்டனில் 999 என்ற தனி எண் நடைமுறைக்கு வந்தது. இந்த எண்ணில் வரும் அழைப்பு வரிசையில் நிற்கக்கூடாது, உடனே எடுக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. அந்த அடிப்படை இன்றைய கைப்பேசி வரைக்கும் மாறவில்லை.

நம் நாட்டிலும் அதே 999தான். முன்பு போலீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் 999, தீயணைப்புக்கு 994 என்று தனித்தனி எண்கள் இருந்தன. 2007ஆம் ஆண்டு தொடங்கிய ஏற்பாட்டின்படி போலீஸ், பொம்பா என்னும் தீயணைப்புப் படை, ஆஸ்பத்திரி அம்புலன்ஸ், பொதுத் தற்காப்புப் படை, கடல்சார் அமலாக்கப் படை ஆகிய ஐந்துக்கும் 999 என்ற ஒரே எண் என்று ஆயிற்று. கைப்பேசியில் 112 அடித்தாலும் அது 999க்கே போய்ச் சேரும்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் நம் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே போலீசுக்கு 999. அம்புலன்ஸ், தீயணைப்பு இரண்டுக்கும் 995.

பொத்தானை அழுத்தியதும் நடப்பது என்ன?

முதல் படி: நீங்கள் 999 அடித்தவுடன் கைப்பேசி அந்த எண்ணைத் தன்னிடம் உள்ள ஒரு பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. இந்தப் பட்டியல் சிம் கார்டிலும் இருக்கும், கைப்பேசிக்குள்ளும் இருக்கும். பட்டியலில் உள்ள எண் என்றால், "இது சாதாரண அழைப்பு அல்ல, ஆபத்து அழைப்பு" என்று கைப்பேசி தீர்மானிக்கிறது. இதனால்தான் பூட்டியிருக்கும் கைப்பேசியிலும், இரகசிய எண் தெரியாமலே 999 அழைக்க முடிகிறது. பூட்டிய திரையில் "கெசெமாசான்" என்றோ "எமர்ஜென்சி" என்றோ ஒரு சொல் இருக்கும். அதைத் தொட்டு 999 அடிக்க வேண்டும். மயங்கிக் கிடப்பவரின் கைப்பேசியையே எடுத்து அழைக்கலாம்.

இரண்டாம் படி: கைப்பேசி கோபுரத்திடம் இடம் கேட்கிறது. கேட்கும்போதே "ஆபத்து" என்ற அடையாளத்தைச் சேர்த்து அனுப்புகிறது. கோபுரம் அதற்கு முன்னுரிமை தருகிறது. தீபாவளி அன்று காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச, லைன் கிடைக்காமல் தவிக்கிறோம் அல்லவா? அப்படிப்பட்ட நெரிசலிலும் ஆபத்து அழைப்புக்கு வழி விடும்படி நெட்வொர்க்கை அமைத்திருக்கிறார்கள். கணக்கில் பணம் இருக்கிறதா என்ற கேள்வியே இதில் கிடையாது. முன்பணம் ஒரு காசு கூட இல்லாவிட்டாலும் 999 அழைப்பு போகும். அதற்குக் கட்டணமும் இல்லை.

மூன்றாம் படி: உங்கள் கம்பெனியின் கோபுரம் அங்கே எட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். சாதாரண அழைப்பு அத்தோடு முடிந்தது. ஆபத்து அழைப்பு அப்படி அல்ல. கைப்பேசி வேறு எந்தக் கம்பெனியின் கோபுரம் கேட்கிறது என்று தேடி, அதன் வழியாகப் பேச முயலும். திரையில் "பங்கிலான் கெசெமாசான் சஹாஜா", அதாவது "ஆபத்து அழைப்பு மட்டும்" என்று காட்டினால் அதன் பொருள் இதுதான்: உன் கம்பெனி கோபுரம் இங்கே இல்லை, ஆனால் வேறொருவர் கோபுரம் இருக்கிறது, 999 அடிக்கலாம். இதைப் பார்த்து "லைன் இல்லை" என்று கைப்பேசியைப் பையில் போட்டு விடாதீர்கள்.

நான்காம் படி: அழைப்பை எங்கே அனுப்ப வேண்டும் என்பதை நெட்வொர்க் முடிவு செய்து 999 மையத்துக்கு அனுப்புகிறது. அங்கே முதலில் எடுப்பவர் டாக்டர் அல்ல, போலீஸ்காரரும் அல்ல. அழைப்பை வாங்கும் ஊழியர். அவர் எந்த உதவி வேண்டும் என்று கேட்டு, விவரத்தைப் பதிந்து, உரிய இலாகாவுக்கு மாற்றி விடுகிறார். அம்புலன்ஸ் என்றால் ஆஸ்பத்திரியின் அழைப்பு மையத்துக்கு மாறும். அங்கே மறுபடியும் கேள்வி கேட்பார்கள். "இப்பத்தானே சொன்னேன், திரும்பவும் கேக்கிறாங்களே" என்று கோபித்துக்கொண்டு வைத்து விடாதீர்கள். முதல் கேள்வி எந்த வண்டி என்பதற்கு. இரண்டாம் கேள்வி நோயாளியின் நிலைக்கு.

இவ்வளவும் நடக்கச் சில வினாடிகள் ஆகும். வேறு கம்பெனியின் கோபுரத்தைத் தேட வேண்டியிருந்தால் இன்னும் கூடுதலாக ஆகும். பதற்றத்தில் அந்த நேரம் ஒரு யுகம் போலத் தோன்றும். பலர் மூன்று நான்கு வினாடியில் சத்தம் கேட்கவில்லை என்று துண்டித்து, மறுபடி அடித்து, மறுபடி துண்டிக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் கைப்பேசி தேடலை முதலிலிருந்து தொடங்குகிறது. ஆகவே ஒரு முறை அடித்தால், அதுவாகத் தோல்வி என்று காட்டும் வரை காதிலேயே வைத்திருங்கள்.

112 மந்திரம் அல்ல

112 என்பது ஐரோப்பிய நாடுகளில் பொது ஆபத்து எண். உலகெங்கும் கைப்பேசிகளைச் செய்பவர்கள் அதைத் தங்கள் விதிமுறையில் சேர்த்துக்கொண்டார்கள். அதனால் எந்த நாட்டுக்குப் போனாலும் கைப்பேசி அதை ஆபத்து எண் என்று அடையாளம் கண்டுகொள்ளும். அதன் சிறப்பு அவ்வளவுதான்.

"112 அடித்தால் நேரே வானத்துச் செயற்கைக்கோளுக்குப் போகும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி வெறும் கட்டுக்கதை. 999 ஆனாலும் 112 ஆனாலும், ஏதாவது ஒரு கம்பெனியின் கோபுரமாவது எட்ட வேண்டும். ஒரு கோபுரமும் எட்டாத பள்ளத்தில் நின்றுகொண்டு நூறு முறை அடித்தாலும் போகாது. அங்கே அடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மேட்டுக்கு நடந்திருந்தால் அழைப்பு போயிருக்கும். சில புதிய, விலை உயர்ந்த கைப்பேசிகளில் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் வசதி சில நாடுகளில் உண்டு. நம் கையில் இருக்கும் கைப்பேசி அப்படிப்பட்டது என்று எண்ணி ஏமாற வேண்டாம்.

சிம் கார்டே இல்லாத கைப்பேசியில் அழைக்கலாமா? கைப்பேசிக்குள் 112, 999 முதலிய எண்கள் பதிந்திருப்பதால் அது முயன்று பார்க்கும். ஆனால் பொய் அழைப்புகளின் தொல்லை தாங்காமல் சில நாடுகள் சிம் இல்லாத அழைப்பைத் தடுத்து விட்டன. ஜெர்மனியில் 2009ஆம் ஆண்டிலிருந்து அப்படி. மேலும் சிம் இல்லாத கைப்பேசிக்கு எண் கிடையாது. பாதியில் துண்டித்துப் போனால் மையத்தார் திரும்பக் கூப்பிட வழியில்லை. ஆகவே வீட்டில் கிழவிக்கோ பிள்ளைக்கோ பழைய கைப்பேசி கொடுத்தால், உயிருள்ள சிம் கார்டையும் போட்டுக் கொடுங்கள்.

செம்பனைக் காட்டுக்குள் சிக்னல் ஏன் ஒளிந்துகொள்கிறது?

கோபுரத்துக்கும் கைப்பேசிக்கும் நடுவே ஓடுவது ரேடியோ அலை. மலையும் மண்மேடும் அதை மறைக்கும். மரத்து இலைகளில் உள்ள நீர் அதை விழுங்கும். வளர்ந்த செம்பனையின் மட்டைகள் கூரை போல மூடியிருக்கும் இடத்தில், அதுவும் மழை பெய்து இலை நனைந்திருக்கும்போது, சிக்னல் இன்னும் மங்கும். பள்ளத்தாக்கு, ஆற்றோரம், ஸ்டோருக்குள், தகரக் கூரையின் கீழ், இவையெல்லாம் மோசமான இடங்கள்.

இன்னொரு செய்தியைக் கவனியுங்கள். திரையில் காட்டும் கோடுகள், கோபுரம் பேசுவது உங்களுக்கு எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்பதைத்தான் காட்டுகின்றன. நீங்கள் பேசுவது கோபுரத்துக்குக் கேட்கிறதா என்பதை அல்ல. கோபுரத்துக்கு வலிமை அதிகம். கைப்பேசியின் வலிமை 2ஜியில் அதிகம் போனால் 2 வாட், 4ஜியில் சுமார் 0.2 வாட். சின்ன டார்ச் விளக்கின் பல்பு அளவு கூட இல்லை. அதனால் ஒரு கோடு காட்டியும் அழைப்பு போகாமல் இருக்கலாம். அது கைப்பேசியின் கோளாறு அல்ல, இடத்தின் கோளாறு.

அப்போது செய்ய வேண்டியவை:

1. மேட்டுக்கு ஏறுங்கள். முடியாவிட்டால் மரக்கூரை இல்லாத இடத்துக்கு, லாரிப் பாதைக்கு, ஆற்றுப் பாலத்துக்கு வாருங்கள். சில அடி தள்ளி நின்றாலே வித்தியாசம் தெரியும்.

2. கைப்பேசியை உள்ளங்கையில் முழுதாகப் பொத்திப் பிடிக்காதீர்கள். ஒலிபெருக்கியைப் போட்டு, உயர்த்திப் பிடித்துப் பேசுங்கள்.

3. பக்கத்தில் இருப்பவர்களின் கைப்பேசிகளிலும் முயலுங்கள். ஒருவருடையது பழுதாக இருந்தால் இன்னொருவருடையது பேசும்.

4. பேச முடியாவிட்டால் டிரெசருக்கும் மண்டோருக்கும் குறுஞ்செய்தி அனுப்புங்கள். பேச்சுக்குத் தொடர்ந்து சிக்னல் வேண்டும். குறுஞ்செய்திக்கு ஒரு நொடி கிடைத்தாலும் போதும்.

5. இரண்டு பேர் இருந்தால் ஒருவர் நோயாளியோடு இருக்க, மற்றவர் சிக்னல் உள்ள இடத்துக்கு ஓட வேண்டும். ஓடுபவர் புளோக் எண்ணை மனத்தில் வாங்கிக்கொண்டு ஓட வேண்டும்.

டிரெசர், கிளினிக், தோட்டத்து ஆபீஸ் ஆகியவற்றின் எண்கள் ஆபத்து எண்கள் அல்ல என்பதையும் மறவாதீர்கள். அவற்றைக் கூப்பிட உங்கள் கம்பெனியின் கோபுரமும் வேண்டும், கணக்கில் பணமும் வேண்டும். இலவசமும் முன்னுரிமையும் 999க்கு மட்டும்தான். வாட்ஸ்அப்பில் 999ஐக் கூப்பிட முடியாது.

நம் நாட்டில் 3ஜி சேவையை 2021ஆம் ஆண்டு இறுதியோடு நிறுத்தி விட்டார்கள். 4ஜி கைப்பேசி வைத்திருப்பவர்கள், 4ஜியிலேயே பேசும் "வோல்ட்டி" என்ற வசதியைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கைப்பேசி ஒவ்வொரு அழைப்புக்கும் 2ஜிக்கு இறங்கிப் போக வேண்டும். அதற்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். பிள்ளைகளிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் செய்து தருவார்கள். சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொந்தக்காரரைக் கூப்பிட்டுப் பாருங்கள். சோதனைக்காக 999 அடிக்கவே கூடாது.

கோபுரத்துக்குத் தெரிந்தது எவ்வளவு?

"கைப்பேசியில் கூப்பிட்டால் நாம் எங்கே இருக்கிறோம் என்று அவர்களுக்குத் தானாகவே தெரியும்" என்று பலர் நம்புகிறார்கள். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எந்தக் கோபுரத்திலிருந்து அழைப்பு வந்தது என்பது நெட்வொர்க்குக்குத் தெரியும். பெரும்பாலும் ஒரு கோபுரத்தின் சுற்றுவட்டத்தை மூன்றாகப் பிரித்து, மூன்று பக்கமும் தனித்தனி ஆண்டெனா வைத்திருப்பார்கள். ஆகவே எந்தப் பக்கம் என்பதும் தெரியும். கோபுரம் 5 கிலோமீட்டர் தூரம் எட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு பக்கத்தின் பரப்பு மட்டும் ஏறத்தாழ 26 சதுர கிலோமீட்டர். நம் கணக்கில் சுமார் 6,400 ஏக்கர்! ஒரு முழுத் தோட்டமே அதற்குள் அடங்கிவிடும். அலை போய் வரும் நேரத்தை வைத்துத் தூரத்தையும் கணிக்கலாம். 2ஜியில் அது சுமார் 550 மீட்டர் அகலமுள்ள வளையம் வளையமாகத்தான் தெரியும். பட்டணத்தில் கோபுரங்கள் நெருங்கி இருப்பதால் இடம் ஓரளவு புரிந்து விடும். தோட்டத்தில் ஒரு கோபுரத்துக்கும் அடுத்ததற்கும் வெகு தூரம். ஆகவே நம் இடத்தை நாம்தான் வாயால் சொல்ல வேண்டும்.

கைப்பேசியில் ஜி.பி.எஸ். இருந்தால் அது இடத்தை மிகச் சரியாகக் காட்டும். இது கோபுரத்தை நம்பி இல்லை, வானத்துச் செயற்கைக்கோள்களின் அலையைக் கேட்டு வேலை செய்கிறது. வரைபடச் செயலியைத் திறந்து, நீங்கள் இருக்கும் நீலப் புள்ளியின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். தீபகற்ப மலேசியாவின் பெருநிலத்தில் முதல் எண் 1க்கும் 7க்கும் நடுவிலும், இரண்டாவது எண் 100க்கும் 105க்கும் நடுவிலும் இருக்கும். புள்ளிக்குப் பின்னால் நான்கு இலக்கம் வரை படித்துச் சொன்னால் போதும். சுமார் 11 மீட்டர் துல்லியத்துக்கு இடம் தெரிந்து விடும்.

எப்படிப் பேசுவது?

அழைப்பை எடுப்பவர் உங்கள் ஊரில் இருப்பார் என்று எண்ணாதீர்கள். அவர் நூறு மைலுக்கு அப்பால் உட்கார்ந்திருக்கலாம். உங்கள் தோட்டத்தின் பெயரை வாழ்நாளில் கேட்டிருக்க மாட்டார். தோட்டத்துக்கு நம் பெரியவர்கள் வைத்த தமிழ்ப் பெயர் அவருடைய வரைபடத்தில் இருக்காது. போர்டில் உள்ள பதிவுப் பெயரைச் சொல்லுங்கள். பிறகு பக்கத்துப் பட்டணம், பெரிய சாலை, கிலோமீட்டர் கல், தோட்டத்து முகப்பு, டிவிஷன், புளோக் எண் என்று பெரியதிலிருந்து சின்னதுக்கு வாருங்கள்.

ஒரு மாதிரி:

"999. என்ன உதவி வேண்டும்?"

"அம்புலன்ஸ் வேணுங்க. ஆள் நினைவில்லாமல் கிடக்கிறார்."

"எந்த இடம்?"

"இன்ன பட்டணத்திலிருந்து இன்ன பட்டணம் போகும் சாலை. 12ஆவது கிலோமீட்டர் கல் தாண்டி இடது கைப் பக்கம் தோட்டத்து கேட். இன்ன தோட்டம். கேட்டிலிருந்து இரண்டாவது டிவிஷன், புளோக் 14. கேட்டில் சிவப்புச் சட்டை போட்ட ஆள் நிற்பார்."

"என்ன நடந்தது? மூச்சு இருக்கிறதா?"

"குலை அறுக்கும் கம்பு மின்சாரக் கம்பியில் பட்டு விட்டது. ஒரு ஆள். நாற்பது வயது. மூச்சு தெரியலைங்க."

"உங்கள் கைப்பேசி எண்?"

"சொல்றேன், எழுதிக்குங்க."

பாருங்கள், இதில் அழுகையும் இல்லை, கதையும் இல்லை. எந்த உதவி, எந்த இடம், என்ன நடந்தது, எத்தனை பேர், மூச்சும் நினைவும் உண்டா, உங்கள் எண் என்ன. இந்த ஆறும் போதும். அவர்கள் "வைக்கலாம்" என்று சொல்லும் வரை வைக்காதீர்கள். நோயாளிக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவர்களே போனில் சொல்லித் தருவார்கள். வைத்த பிறகு அந்தக் கைப்பேசியில் வேறு யாரோடும் பேசாதீர்கள். வழி கேட்டு அம்புலன்ஸ்காரர் கூப்பிடுவார். தெரியாத எண் என்று எடுக்காமல் விட்டு விடாதீர்கள்.

அவசரத்தில் மலாய் வாயில் வராது என்று சிலர் தயங்குகிறார்கள். இந்தச் சில சொற்களைப் பழகி வைத்துக்கொள்ளுங்கள்:

அம்புலன்ஸ் வேண்டும்: "சாயா பெர்லு அம்புலான்ஸ்"
நினைவில்லை: "தீடாக் செடார்"
மூச்சுத் திணறல்: "சூசா பெர்னாபாஸ்"
நெஞ்சு வலி: "சாக்கிட் டாடா"
பாம்பு கடித்தது: "கெனா பாத்துக் உலார்"
மின்சாரம் தாக்கியது: "கெனா கெஜுத்தான் எலெக்ட்ரிக்"
இரத்தம் நிறையப் போகிறது: "பானியாக் டாரா கெலுவார்"
பிரசவ நேரம்: "நாக் பெர்சாலின்"
தோட்டம் "லாடாங்", முச்சந்தி "சிம்பாங்", பாலம் "ஜம்பாத்தான்".

நம்மோடு வேலை செய்யும் வங்காளதேச, நேப்பாளத் தோழர்களுக்கும் இவற்றைச் சொல்லிக் கொடுங்கள். நமக்கு ஆபத்து வரும் நாளில் பக்கத்தில் இருப்பவர் அவர்களாகவே இருக்கலாம்.

வண்டி வரும் வரை

மின்சாரம் பட்டவரைத் தொடாதீர்கள். கம்பு கம்பியை விட்டு விலகியதா, மின்சாரம் நின்றதா என்று உறுதி செய்யாமல் கிட்டப் போனால் ஒன்றுக்கு இரண்டு பிணம் ஆகும். ஆபத்து நீங்கிய பிறகு, மூச்சு இல்லை என்றால் நெஞ்சின் நடுவே இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, குறைந்தது 5 செண்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். களைத்தால் ஆள் மாற்றுங்கள்.

பாம்பு கடித்தவரை நடக்க விடாதீர்கள். கடித்த இடத்தைக் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், கயிறு போட்டு இறுக்கிக் கட்டாதீர்கள். மோதிரம், வளையலைக் கழற்றி விட்டு அசையாமல் வைத்திருங்கள்.

ஒருவரைக் கேட்டுக்கு அனுப்புங்கள். இரவு என்றால் டார்ச் விளக்கோடு அனுப்புங்கள். சங்கிலி போட்ட கேட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அம்புலன்ஸ் நேரத்துக்கு வந்தும் பூட்டிய கேட்டுக்கு வெளியே காத்து நின்றால் யாருக்கு லாபம்?

சில கேள்விகள்

கேள்வி: பிள்ளை விளையாட்டாக 999 அழுத்தி விட்டது. உடனே வைத்து விடலாமா?

பதில்: வைக்காதீர்கள். வைத்தால் யாருக்கோ ஆபத்து என்று அவர்கள் திரும்பக் கூப்பிட்டு நேரத்தைச் செலவிடுவார்கள். "மாஃப், சாலா தெக்கான்" என்று சொல்லுங்கள். தெரியாமல் நடந்ததற்குக் கோபிக்க மாட்டார்கள். பல கைப்பேசிகளில் பக்கவாட்டுப் பொத்தானை ஐந்து முறை அழுத்தினால் தானாகவே ஆபத்து அழைப்பு போகும். அதையும் வீட்டில் சொல்லி வையுங்கள். வேண்டுமென்றே பொய் அழைப்பு விடுவது 1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் கீழ் தண்டனைக்குரிய குற்றம்.

கேள்வி: வெள்ள காலத்தில் கைப்பேசியை நம்பலாமா?

பதில்: ஓரளவுதான். கோபுரத்துக்கும் மின்சாரம் வேண்டும். மின்சாரம் நின்றால் பேட்டரியில் சில மணி நேரம் ஓடும், பிறகு ஓய்ந்து விடும். 2014 டிசம்பரில் கிளந்தானிலும், 2021 டிசம்பரில் சிலாங்கூர், பகாங் மாநிலங்களிலும் பெருவெள்ளம் வந்தபோது பல இடங்களில் இதுதான் நடந்தது. தண்ணீர் ஏறத் தொடங்கும்போதே கூப்பிட்டு விடுங்கள். கழுத்தளவு வரும் வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: பேட்டரி கொஞ்சம்தான் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் 999. சொந்தக்காரர்களுக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். சிக்னல் இல்லாத இடத்தில் கைப்பேசி ஓயாமல் கோபுரத்தைத் தேடிப் பேட்டரியைத் தின்னும். அதனால் காட்டு வேலைக்குப் போகும் நாளில் முழுச் சார்ஜோடு போங்கள்.

நாம் கூடிச் செய்ய வேண்டியது

1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி, 40 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதிகளும் உண்டு. அடுத்த கூட்டத்தில் அவர்கள் இந்த நான்கையும் எழுப்பட்டும்:

எந்த எந்த புளோக்கில் சிக்னல் கிடைக்கிறது, எதில் இல்லை என்று நடந்து பார்த்து ஒரு படம் வரைய வேண்டும். அதைப் பெரட்டுக் களத்தில் ஒட்ட வேண்டும்.

சிக்னல் இல்லாத புளோக்குகளில் தனி ஆளாக வேலைக்கு அனுப்பக்கூடாது. மண்டோரிடம் வாக்கி டாக்கி இருக்க வேண்டும்.

புளோக் எண் போர்டுகள் புல்லும் பாசியும் மூடாமல், இரவிலும் படிக்கும்படி இருக்க வேண்டும்.

இரவில் கேட் சாவி யாரிடம் என்பது லயத்தில் உள்ள எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

இவற்றுக்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. கேட்டால் மறுக்க நிர்வாகத்துக்கும் காரணம் இல்லை.

வீட்டுப் பாடம்

இன்று மாலையே பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் இதை எழுதச் சொல்லுங்கள்: 999. தோட்டத்தின் பதிவுப் பெயர். டிவிஷன். லயத்து எண், வீட்டு எண். பக்கத்துப் பட்டணம். பெரிய சாலை, கிலோமீட்டர் கல். வீட்டில் உள்ள கைப்பேசி எண். டிரெசர் எண். வீட்டில் யாருக்கு என்ன நோய், என்ன மருந்து.

எழுதி முடித்ததும் வாசற்கதவின் உட்பக்கம் ஒட்டி விடுங்கள். பிறகு பிள்ளையை நிறுத்தி வைத்து, "அம்மா மயக்கம் போட்டு விழுந்துட்டேன்னு வச்சுக்கோ, நீ என்ன பேசுவே?" என்று கேளுங்கள். கைப்பேசியை எடுக்காமல், வாயால் மட்டும் சொல்லிக் காட்டட்டும். இரண்டு மூன்று தரம் சொன்னால் மனப்பாடம் ஆகி விடும். பெரியவர்கள் பதறிப்போய் நிற்கும் நேரத்தில், பாடம் படித்த பிள்ளை நிதானமாகப் பேசும்.